விலை உசந்த அமுக்குக்கல்

எல் ஆல்டோ, பிப்ரவரி, கார்னிவல் முடிந்த வாரம்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் சோரைடா. நான் சுகம்தான், மழைக்காற்றில் உதடு மட்டும் வெடித்திருக்கிறது. உங்கள் முழங்கால் மடங்குகிறதா? உங்கள் காளை ஹெனரால் இன்னும் அடுத்தவர் கீன்வா வயலில்தான் மேய்கிறானா?

யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். யோசனை மட்டும்தான், வேறெதுவும் வேண்டாம். எங்கள் தெரு இன்டர்நெட் கடையில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து கேம் ஆடுவதைச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். எதிராளியின் கோட்டையை முதலில் இடிப்பவர்கள் ஜெயித்தவர்கள். நாங்கள் எல்லோரும் பொல்யேராப் பாவாடை கட்டுகிறவர்கள் என்பதால் கடைப் பையன்கள் 'பாவாடைக் கூட்டம்' என்று கேலி பேசுவார்கள். அதே பெயரையே எழுதிக் கொடுத்து, அக்டோபரில் கொச்சபாம்பாவில் நடக்கும் போட்டிக்குப் பதிந்துவிட்டோம். அங்கே அவரவர் லேப்டாப்பை அவரவர் கொண்டுவர வேண்டும். மற்ற நால்வரிடமும் இருக்கிறது. என்னிடம்தான் இல்லை.

கடையில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மலிவு. கருப்பு பிளாஸ்டிக், கனமே இல்லை. காலையில் பஸ் நிறுத்தத்தில் ஊதாச் சோளக் கஞ்சி விற்றுச் சேர்த்ததில் வாங்கிவிடலாம். ஆனால் சண்டை முற்றித் திரையில் கூட்டம் கூடினால் படம் இழுக்கும். மற்றது உசத்தி. மிளகாய் அரைக்கும் கல் மாதிரி கனம், விசைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு. எத்தனை பேர் வந்து மோதினாலும் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. கடைக்காரர் அதைத் தொடக்கூட விடவில்லை.

"கடைக் கணக்கு எழுதத்தானம்மா? சின்னதே போதும். அது கேம் ஆடுற பசங்களுக்கு."

"நானும் கேம்தான் ஆடுறேன்."

"இந்தப் பாவாடையோடயா?"

"ஏன், நீங்க மவுசைக் காலாலயா புடிப்பீங்க?" என்றேன். பக்கத்துக் கடைக்காரி சிரித்துவிட்டாள்.

உங்கள் தம்பி செவேரோ சித்தப்பாவோ மினிபஸ்ஸைக் கழுவிக்கொண்டே, "சின்னதையே வாங்கு. தோத்தா நஷ்டம் கம்மி," என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அப்பாவும் அம்மாவும் சாவ் பாவ்லோவிலிருந்து உங்களை விசாரித்தார்கள்.

முழங்காலை வெயிலில் காட்டுங்கள்.
சோரைடா


ஹாச்சா கோல்யோ, மார்ச்

மருமகளே சோரைடா,

உன் அத்தை எவாரிஸ்தா உசுரோடதான் இருக்கேன். முழங்காலு மழை வர்றதுக்கு முந்தின நாளே சொல்லிப்புடுது, ரேடியோவை விட அது நிசம் பேசுது. பள்ளிக்கூடம் போகாதவ, கெழடு ஆனப்புறம் எழுத்துக் கூட்டப் படிச்சவ, கோணலா இருந்தா திட்டாத. குன்னு மேல ஏறி நின்னாத்தான் செல்போன் பேசும். ஏறி எறங்கறதுக்கு எழுதிப்புடலாம்.

உன் கடுதாசியை உருளை மூட்டை மேல உக்காந்து ரெண்டு தரம் படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கு உன் மாமன் ஞாபகம் வந்துச்சு. சிரிக்காத, சொல்றேன். எனக்கு ரெண்டு மாப்பிள்ளை வந்தாங்க. ஒருத்தன் ஒரூரோ சொரங்கத்துல வேலை, தங்கப்பல்லு, சைக்கிளு. இன்னொருத்தன் கிட்ட ஒண்ணுமில்ல, ஒரு குழலு வெச்சிருந்தான். எங்க வீட்டுல மலிவானவனே போதும்னாங்க. கட்டுனேன். நல்லவன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நாலு பேரு சுத்தி நின்னு, எல்லைக் கல்லை நட்டது யாருன்னு சத்தம் போட்டாப் போதும், அப்படியே நின்னுடுவான். கண்ணு மட்டும் முழிக்கும். நீ சொல்ற அந்த 'இழுக்குறது' அதேதான். பேசி முடிக்கிறது நானா இருக்கும். அதனால கூட்டத்துல நிக்குற பொட்டின்னா என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

இப்ப எதையும் வாங்காத. பொறு. ஏன்னு கேக்காத.

ஹெனரால் கொழுத்துப் போயிருக்கான். சிஸ்தோவோட கீன்வாவைத் தின்னுட்டான், நான் சிஸ்தோவோட சண்டை போட்டேன், ஜெயிச்சேன்.

உதட்டுக்கு லாமாக் கொழுப்பு தடவு.
எவாரிஸ்தா


எல் ஆல்டோ, ஏப்ரல்

அன்புள்ள அத்தைக்கு,

உதடு ஆறிவிட்டது. கொழுப்பு வாசத்தில் பஸ் நிறுத்தத்து நாய்கள் எல்லாம் எனக்குச் சிநேகம்.

பொறுக்கச் சொன்னீர்கள், பொறுத்தேன். ஆனால் என் கூட்டுக்காரிகள் பொறுக்கவில்லை. கடைப் பையன்கள் நேற்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள்: "ஏய் பாவாடை, கொச்சபாம்பாவுக்கு என்னத்தைத் தூக்கிட்டுப் போவ? கஞ்சிக் குண்டானையா?"

"ஆமாடா. உங்களுக்கு ஊத்தத்தான்," என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

மலிவானதையே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். இழுத்தாலும் பரவாயில்லை, ஆடாமல் இருப்பதைவிட மேல். வருகிற மாதம் போய் வாங்குவேன். திருவிழா வேலைகளை ஆரம்பித்துவிட்டீர்களா? இந்த வருஷம் ஊர் விருந்து உங்கள் பொறுப்பு. பேண்டு வாத்தியம், பீர், நீங்கள் முன்னால் ஆடிக்கொண்டு போவது, எல்லாம் கண்ணிலேயே நிற்கிறது. ஜூலைக்கு நான் கட்டாயம் வருவேன்.

மற்றபடி சுகமே.
சோரைடா


ஹாச்சா கோல்யோ, மே

மருமகளே,

நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். உறைபனி விழ ஆரம்பிச்சாச்சு, உருளையைக் காயப் போட்டாச்சு.

பஸ்கார பிரிமித்திவோ கிட்ட ஒரு மூட்டை குடுத்து விட்டிருக்கேன். மேல இருக்குறது காஞ்ச உருளை. கீழ இருக்குறதை எடுத்துக்கிட்டுப் போயி பெருசை வாங்கு. சின்னதில்ல, பெருசு. எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டு எழுதுனா, பதில் போட மாட்டேன். உன் சித்தப்பனைக் கேக்காத. அவன் என் தம்பி, அவன் மூக்குல சளி துடைச்சவ நான்தான்.

கடைக்காரன் மொகத்தைப் பார்த்துக்கிட்டே வாங்கு. குனியாத.

ஒண்ணு மட்டும் மறந்துடாத. பொட்டியை வேலைக்கு விடுறதுக்கு முன்னாடி பூமித்தாய்க்கு மொத மடக்கு குடுக்கணும். சாராயமும் பீரும், பூவும். சித்தப்பன் வண்டிக்குப் பண்ற மாதிரி கையை இழுத்துப் புடிக்காமப் பண்ணு. அவளுக்குக் குடுக்காம எடுத்த எதுவும் நிலைக்காது.

அந்தப் பயலுக முன்னாடி அழாம வீட்டுக்கு வந்து அழுத பாரு, அது சரி.

எவாரிஸ்தா


எல் ஆல்டோ, ஜூன்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே குளிர் கடிக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் சுகமா?

வாங்கிவிட்டேன். புதுப் பொல்யேரா கட்டி, தொப்பியை நேராக வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் வழக்கம்போல் சின்னதை எடுத்தார். "அது வேணாம், அந்தக் கல்லை எறக்குங்க," என்றேன்.

"யாருக்கும்மா?"

"எனக்கு."

"யாரு குடுத்தா?"

"எங்க அத்தை. ஊர்ல காளை வெச்சிருக்காங்க, முட்டும்."

உடனே இறக்கிக் கட்டிக் கொடுத்தார். வண்ணத் துணியில் முதுகில் முடிந்து, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்தேன். கனத்துக்கும், உள்விசிறி விடும் மூச்சுக்கும் பொருத்தமாக ஹெனரால் என்றே பெயர் வைத்தேன்.

பூமித்தாய்க்கு நீங்கள் சொன்னபடியே செய்தேன், ஒரு சொட்டு குறைக்காமல்.

அத்தை, பிரிமித்திவோ வேறொன்று சொன்னார். உங்கள் கொட்டிலில் ஹெனராலைக் காணோமாம். திருவிழாப் பொறுப்பும் உங்களிடம் இல்லையாம். அவர் பொய் சொல்கிறவர்தான். இது பொய்தானே?

சோரைடா


ஹாச்சா கோல்யோ, ஜூலைக் கடைசி

மருமகளே,

சுகமா? திருவிழா முடிஞ்சு ஊரே தலைவலியில கெடக்கு. நான் ஒருத்திதான் தெளிவா இருக்கேன்.

நீ வரலியே, பஸ்ஸு வந்தப்பல்லாம் எட்டிப் பார்த்தேன். பிரிமித்திவோ சொன்னது நெசந்தான். அந்தாளு வருஷத்துக்கு ஒரு நெசம் சொல்லுவான், அதையும் எனக்கு எதிரா சொல்லியிருக்கான்.

ஊர்க்கூட்டத்துல நான் எந்திரிச்சு, "இந்த வருசம் விருந்து வைக்க மாட்டேன், வேற ஆளைப் பாருங்க"ன்னேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. சிஸ்தோ மட்டும், "எதுக்காம்?"ன்னான். "என் மருமகளுக்குக் கேம் ஆடுற பொட்டி வாங்கணும்"ன்னேன். நீ இருந்திருக்கணும் அங்க. அப்படி ஒரு சிரிப்பு.

"ஊரு மானத்தை வித்து வெளையாட்டுச் சாமானா?"

"ஆமா. மூணு நாளு நீங்க குடிச்சுட்டு என் வாசல்ல வாந்தி எடுக்குறதும் வெளையாட்டுதான். இது கொஞ்சம் சுத்தமான வெளையாட்டு"ன்னேன்.

அதுக்கப்புறம் யாரும் பேசறதில்ல. கெணத்தடிக்குப் போனா பொம்பளைங்க வாளியை எடுத்துக்கிட்டு நகந்துக்குறாங்க. நல்லது, வரிசையில நிக்காம தண்ணி எடுக்குறேன். சிஸ்தோதான் பொறுப்பை எடுத்தான். பேண்டுக்காரன் என் வாசல் முன்னாடி ஊதாமத் தாண்டிப் போனான். நான் என் முற்றத்துல தனியா ஒரு சுத்து ஆடுனேன். முழங்காலு ஒண்ணும் சொல்லல.

ஹெனராலுக்கு விருந்துல வெந்து போறதுதான் விதியா இருந்துச்சு. அவனை வித்தேன், இப்ப உன் முதுகுல ஏறிட்டான். பெரிய வாழ்வு.

பொட்டி எப்படி இருக்கு? செவப்பு வெளக்கு எரியுதா? கூட்டத்துல நிக்காம ஓடுதா? வெவரமா எழுது. அதைப் படிச்சுத்தான் இந்த ஊர்ல நான் தலை நிமிந்து நடக்கணும்.

எவாரிஸ்தா


எல் ஆல்டோ, ஆகஸ்ட்

அன்புள்ள அத்தைக்கு,

நலம். கஞ்சி நன்றாக விற்கிறது. குளிர் அதிகம். ஹெனரால் சுகம், சத்தமே போடுவதில்லை. திருவிழாவுக்கு வராததற்கு மன்னித்துவிடுங்கள், வேலை. முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோரைடா


ஹாச்சா கோல்யோ, அதே ஆகஸ்ட், உன் கடுதாசி வந்த மறுநாளே

மருமகளே,

சுகமான்னு கேக்க மாட்டேன், சுகமில்லன்னு தெரியும். என் கோழி சத்தம் போடலன்னா நான் முட்டை எண்ண மாட்டேன், கோழியைத் தூக்கி வயித்தைப் பார்ப்பேன்.

இவ்வளவு சின்னக் கடுதாசியை நீ பொறந்ததுலருந்து எழுதல. பிரிமித்திவோ வந்தான். உன் கஞ்சிக் கடையில குடிச்சானாம். பக்கத்துல ஒரு லேசான கருப்புப் பொட்டி, மூலையில டேப்பு ஒட்டி, அதுலதான் நீ பழகுனியாம். செவப்பு வெளக்கும் இல்ல ஒண்ணும் இல்லன்னான். "உன் காளை எங்க போச்சு எவாரிஸ்தா?"ன்னு சிரிச்சான். எண்ணெய் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, தப்பிச்சு ஓடிட்டான்.

வித்துட்டியா? திருடிட்டாங்களா? சித்தப்பன் கையை வெச்சானா? எதுவா இருந்தாலும் சொல்லு. ஊரே சிரிச்சப்ப நான் சாகல. நீ மறைச்சா சாவேன்னு நெனைக்காத, ஆனா கோவம் வரும். என் கோவம் உனக்குத் தெரியும்.

எவாரிஸ்தா


எல் ஆல்டோ, செப்டம்பர் முதல் வாரம்

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு சுகம். மனசுக்குத்தான் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

ஹெனரால் செத்துவிட்டான். வாங்கி வந்த அன்றே.

சித்தப்பா கார்னிவலுக்கு மினிபஸ்ஸுக்குச் செய்வதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். முன்மூடியில் பீர், கண்ணாடியில் சாராயம், மேலெல்லாம் பூ. நானும் அப்படியே செய்தேன். மூடியைத் திறந்து, உயிர்ப்பித்து, முதலில் விசைகள் மேல் சாராயம் தெளித்தேன். சிவப்பு விளக்கு இன்னும் அழகாகத் தெரிந்தது. பூமித்தாய் சிரிக்கிறாள் என்று நினைத்து, கை இழுக்காமல் பீரை ஊற்றினேன், பூவும் போட்டேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நான் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, அத்தை.

ரிப்பேர்க்காரர் அடிமூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்து, "இதுக்கு என்ன கல்யாணமா?" என்றார். உள்ளே ஒரு பூவிதழ் இருந்தது. பிழைக்காது என்றுவிட்டார். சித்தப்பா சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நீங்கள் விருந்தையும் காளையையும் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதைச் செய்ததால்தான் அது செத்தது என்று உங்களுக்கு எப்படி எழுதுவேன்? சேர்த்த கஞ்சிக் காசில் அந்த மலிவானது மாதிரியே ஒன்றை, யாரோ ஆடிப் பழசாக்கியதை வாங்கினேன். அதில்தான் பழகுகிறேன். போட்டிக்குப் போகட்டுமா, வேண்டாமா? நீங்கள் போகாதே என்றால் போக மாட்டேன்.

சோரைடா


ஹாச்சா கோல்யோ, செப்டம்பர்

அடி முட்டாள் மருமகளே,

நல்லா இருக்கியா? நல்லா இரு.

யாருடி உன்னைத் தலையில ஊத்தச் சொன்னது? பூமித்தாய் எங்க இருக்கா? தரையில இருக்கா! மொத மடக்கு அவளுக்குன்னா தரையில ஊத்தணும். பொட்டி என்ன அவ வாயா? நாங்க மாட்டுக்குப் பண்ணும்போது கொட்டில் மண்ணுல ஊத்துறோம், மாட்டு மூக்குலயா ஊத்துறோம்? செவேரோ வண்டி மேல மழையே பேயுது, அதுக்கு ஒண்ணும் ஆகாது. பொட்டி மேல மழை பேஞ்சா நீ எடுத்து உள்ள வைக்க மாட்ட?

இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மொதல்ல அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். ஹெனரால் சாராயம் குடிச்சு, பீரு குடிச்சு, பூ வெச்சுக்கிட்டுச் செத்திருக்கான். இந்த ஊரு ஆம்பளைங்க அத்தனை பேரும் ஆசைப்படுற சாவு.

போட்டிக்குப் போ. அந்தப் பழசைத் தூக்கிக்கிட்டுப் போ. என் வீட்டுக்காரன் கூட்டத்துல நின்னப்ப நான் பேசி முடிச்சேன்னு எழுதுனேனே. அது நின்னா நீ முடி. போகாம இருந்தாத்தான் சிஸ்தோ சிரிச்சது சரின்னு ஆகும்.

செத்தவனை எனக்கு அனுப்பு. அது என் காளை. கண்டவன் குப்பையில கெடக்கக் கூடாது.

எவாரிஸ்தா


கொச்சபாம்பாவிலிருந்து திரும்பிய மறுநாள், அக்டோபர்

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். செத்தவனை பிரிமித்திவோவிடம் கொடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, நான் முறைத்துக்கொண்டே கொடுத்தேன்.

சித்தப்பா மினிபஸ்ஸில் எங்கள் ஐவரையும் ஏற்றிக்கொண்டு போனார். வழி நெடுக, "தோத்துட்டு அழுதீங்கன்னா எறக்கி விட்டுருவேன்," என்று திட்டிக்கொண்டே போனார். மண்டபத்தில் எல்லோரும் கால்சட்டையும் போட்டிச் சட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார் போட்டி நடத்துகிறவர் ஒருவர். சட்டையை வாங்கிப் பொல்யேராவுக்கு மேலேயே போட்டுக்கொண்டோம். "விதியில பாவாடைன்னு ஒரு வார்த்தை இருக்கா, காட்டுங்க," என்றேன். அவர் விதியைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். அதற்குள் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம்.

ஆடுவதற்கு முன் வாசலுக்கு வெளியே போய், ஒரு மடக்குக் கஞ்சியைத் தரையில் ஊற்றினேன். தரையில், அத்தை.

முதல் ஆட்டத்தில் எங்கள் தெருப் பையன்களே எதிரில் வந்தார்கள். கூட்டம் கூடும்போது என் திரை இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கூட்டம் கூடும் முன்பே அடித்தேன். இத்தனை மாதம் அதைத்தானே பழகினேன். கோட்டையை இடித்ததும் "கஞ்சி ஊத்தட்டுமாடா?" என்று கேட்டேன். அடுத்ததிலும் ஜெயித்தோம். அதற்கடுத்ததில், கடைசிச் சண்டையில், என் பெட்டி நின்றே போய்விட்டது. திரும்பி வருவதற்குள் எங்கள் கோட்டை இல்லை.

தோற்றோம். யாரும் அழவில்லை. நின்றது பெட்டிதான், நானில்லை. அடுத்த வருஷத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன், இதே பெயர், இதே பாவாடை. பெரிய பெட்டி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

ஊரில் என்ன கேட்டாலும் தோற்றோம் என்றே சொல்லுங்கள். எதையும் மறைக்க வேண்டாம்.

உங்கள் சோரைடா


ஹாச்சா கோல்யோ, நவம்பர்

மருமகளே,

நான் சுகம், முழங்காலு சுகம், பசு கன்னு போட்டிருக்கு, அதுவும் சுகம்.

ஹெனரால் வந்து சேர்ந்தான். என்ன கனம்! தூக்கிப் பார்த்தவுடனே தெரிஞ்சு போச்சு இவனுக்கு என்ன வேலைன்னு. பால்கட்டி அமுக்க வெச்சிருந்த பழைய கல்லு ரெண்டா ஒடஞ்சு கெடந்துச்சு. இவனை நல்லாக் கழுவி, வெயில்ல காய வெச்சு, மூடியைத் தொறந்து தட்டையா விரிச்சு, விசை இருக்குற பக்கம் கீழ பார்க்க பால்கட்டித் துணி மேல வெச்சேன். மறுநாள் எடுத்தா, அடேயப்பா! கட்டி மேல சின்னச் சின்னக் கட்டமா, வரிசை வரிசையா, தறியில நெய்ஞ்ச மாதிரி பதிஞ்சிருக்கு.

சிஸ்தோவும் இன்னும் ரெண்டு பேரும் வந்தாங்க. அடுத்த விருந்துப் பொறுப்பை யாரும் எடுக்கலியாம். திண்டாட்டம். மொதல்ல என் வாயைக் கிண்டுனாங்க.

"உன் மருமவ ஜெயிச்சாளா எவாரிஸ்தா?"

"தோத்தா."

"பொட்டி?"

"செத்துருச்சு."

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. நான் அழுவேன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க போல. நான் பால்கட்டியை அறுத்து முன்னாடி வெச்சேன். சிஸ்தோ தின்னான். தின்னுட்டுத் திருப்பிப் பார்த்தான். "இதென்ன கட்டம் கட்டமா?"

"அதுதான் பொட்டி. இந்த மலையில இவ்வளவு வெலை உசந்த அமுக்குக்கல்லு எவ வீட்டுலயாவது இருக்கா, சொல்லு பார்ப்போம்"ன்னேன்.

இன்னொரு துண்டு கேட்டான். குடுத்தேன். விருந்துப் பொறுப்பைக் கேட்டான். "கன்னுக்குட்டி வளரட்டும், பார்க்கலாம். மொதல்ல அவளுக்கு ஒரு பெருசு வாங்கணும்"ன்னேன். மூணாவது துண்டை எடுத்து மென்னான்.

கெணத்தடியில இப்ப பொம்பளைங்க நகர்றதில்ல. கட்டம் போட்ட பால்கட்டி வேணும்னு கேக்குறாங்க. ஒருத்திக்கும் குடுக்கல. மொதல்ல உனக்குத்தான், மூட்டையில வெச்சிருக்கேன். உன் கூட்டுக்காரிக நாலு பேரையும் கூப்பிட்டு உக்காந்து தின்னு.

மொத துண்டு தரையில. ரெண்டாவது உன் வாயில. அப்புறம் கையை நல்லாத் தொடைச்சிட்டு, போயி ஆடு.

உன் அத்தை,
எவாரிஸ்தா